டிரெய்லரின் பின்விளக்குக்கு வயர் இழுத்தல்

வெல்டிங் முடிந்து, சக்கரம் பூட்டி, பெயிண்டும் அடித்த பிறகுதான் டிராக்டர் டிரெய்லருக்கு விளக்கு வேண்டும் என்ற நினைவே நம் ஊரில் வருகிறது. பட்டறையில் பின்னால் இரண்டு விளக்கை முடுக்கி, கையில் கிடைத்த இரட்டை வயரைச் சேஸுக்கு அடியில் கட்டுக்கம்பியால் அங்கங்கே கட்டி, கொக்கி வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு போகும் அன்று எல்லாம் எரியும். முதல் கிழங்கு சீசன் முடிவதற்குள் ஒரு பக்கம் அணையும். அடுத்த சீசனில் இரண்டும் வெறும் சிவப்புக் கண்ணாடிதான். பல்பு மட்டம் என்று பல்பை மாற்றுவோம், மறுபடியும் போகும். பெரும்பாலும் குற்றம் பல்பில் இருக்காது. வயர் போன வழியிலோ, கரண்ட் திரும்பி வர வழியே வைக்காததிலோ இருக்கும். இந்த அத்தியாயம் அந்த இரண்டு வழிகளைப் பற்றியது.

நாமகிரிப்பேட்டைப் பக்கத்தில் டிரெய்லர் பகலில் மட்டும் ஓடுகிற வண்டி அல்ல. குச்சிக்கிழங்கைப் பிடுங்கினால் இரண்டு மூன்று நாளுக்குள் ஜவ்வரிசி மில்லுக்குப் போயாக வேண்டும். தாமதித்தால் உள்ளே கறுத்து மாவு குறையும், விலையும் குறையும். பிடுங்கி, தூர் வெட்டி, லோடு ஏற்றி முடிக்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். செவ்வாய்க்கிழமை மஞ்சள் ஏலத்துக்கு மூட்டை கொண்டுவருகிறவர்களிலும் இருட்டோடு கிளம்புகிறவர்கள் உண்டு. ராசிபுரம்–ஆத்தூர் சாலையில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற டிரெய்லருக்குப் பின்னால் எழுபதில் வருகிற காருக்கு, முன்னே வண்டி இருப்பது தெரிய அந்த இரண்டு சிவப்பு விளக்கை விட்டால் வேறு ஒன்றும் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் விதி 105 கேட்பதும் இதைத்தான்: பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும், நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை விளக்கு இருக்க வேண்டும், 15 மீட்டரிலிருந்து எண்ணைப் படிக்க முடிய வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் இருப்பதால் அந்தப் பிளேட் விளக்கையும் கணக்கில் சேர்த்தே திட்டமிடுங்கள்.

பெயிண்டுக்கு முன்

வயர் வேலை பெயிண்டுக்கு முன்னாலேயே தொடங்குகிறது. சேஸ் இன்னும் கறுப்பு இரும்பாக இருக்கும்போதே சாக்பீஸால் வயர் போகும் கோட்டைப் போட்டுக் காட்டுங்கள். அந்தக் கோட்டில் ஓர் அடிக்கு ஒன்றாகச் சிறு பட்டைத் துண்டுகளையோ 6 எம்.எம். நட்டுகளையோ டேக் வெல்டு வைத்துவிடச் சொல்லுங்கள். பின்னால் கிளிப் பூட்ட இவை போதும். வயர் எங்கெல்லாம் சேனலைத் துளைத்துப் போக வேண்டுமோ அந்தத் துளைகளையும் இப்போதே போட்டுவிட வேண்டும்.

துளை எங்கே போடுவது என்பதில் ஒரு கண்டிப்பு உண்டு. சி சேனலின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை கூடாது. லோடு ஏறும்போது சேனல் வளையப் பார்க்கும். அந்த இழுப்பும் நெருக்கமும் அதிகமாக விழுவது இந்த இரண்டு விளிம்புகளில்தான். நிற்கும் முகத்தின் நடு உயரத்தில் அழுத்தம் மிகக் குறைவு. துளை அங்கேதான் வர வேண்டும். துளை போட்டதும் வட்ட அரத்தால் ஓரத்தை மழுக்கி, பெயிண்ட் காய்ந்த பிறகு ரப்பர் குரோமெட் மாட்டுங்கள். குரோமெட் இல்லாத துளைக்குள் போன வயர் அறுபட எத்தனை மாதம் ஆகும் என்பது மட்டும்தான் கேள்வி. அறுபடுமா என்பது அல்ல.

எத்தனை வயர், எவ்வளவு தடிமன்

டிராக்டர் 12 வோல்ட், லாரி 24 வோல்ட். நாமக்கல் லாரி ஊர் என்பதால் ஸ்பேர் கடையில் வோல்ட் சொல்லாமல் பல்பு கேட்டால் 24 வோல்ட் பல்பைக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. அது 12 வோல்ட்டில் மினுக்கட்டான் பூச்சி மாதிரிதான் எரியும். கேட்கும்போதே வோல்ட்டைச் சொல்லுங்கள்.

பின்விளக்கில் போடுவது இரட்டை இழை பல்பு. 5 வாட் இழை இரவு விளக்குக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. இண்டிகேட்டருக்குத் தனியாக 21 வாட், நம்பர் பிளேட்டுக்கு 5 வாட். 21 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 1.75 ஆம்பியர். இரவில் இண்டிகேட்டர் போட்டபடி பிரேக் மிதித்தால் மூன்று 5 வாட் சேர்ந்து 1.25, பிரேக் இரண்டும் சேர்ந்து 3.5, இண்டிகேட்டர் 1.75, ஆக 6.5 ஆம்பியர். ஒவ்வொரு விளக்குக்கும் போகிற கரண்ட் தனித்தனி வயரில் போனாலும், திரும்பி வருவது எல்லாமே ஒரே எர்த் வயரில். அதனால்தான் மற்ற வயர்கள் 1.5 ஸ்கொயர் என்றால் எர்த் 2.5 ஸ்கொயர் இருக்க வேண்டும் என்கிறேன்.

இது அதிகமாகப் படுகிறதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். கொக்கியிலிருந்து பின்விளக்கு வரை வயர் ஏறக்குறைய 6 மீட்டர். சீரியல் செட்டுக்குப் போடுகிற மாதிரி அரை ஸ்கொயர் இரட்டை வயரை இழுத்தால், எல்லா விளக்கும் எரியும் நேரத்தில் போகிற வழியிலும் வருகிற வழியிலுமாக 2 வோல்ட் தொலைந்துவிடும். இழை பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும். 2 வோல்ட் போனால் ஏறக்குறைய பாதி வெளிச்சம்தான் மிச்சம். 1.5-ம் 2.5-ம் போட்டால் தொலைவது அரை வோல்ட். இரண்டுக்கும் செலவில் உள்ள வித்தியாசம் ஒரு நாள் டீசலுக்குக் கூட வராது.

எல்.இ.டி. விளக்கு போட்டால் கரண்ட் மிகக் குறைவு, வயர் தடிமன் இவ்வளவு வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனாலும் மெலிந்த வயர் அதிர்வில் அறுந்துபோகும் என்பதால் ஒரு ஸ்கொயருக்குக் கீழே போக வேண்டாம். 10 முதல் 30 வோல்ட் வரை தாங்குகிற எல்.இ.டி. விளக்குகள் லாரி கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. இந்த விளக்கில் மட்டும் 12-ஆ 24-ஆ என்ற குழப்பம் இல்லை.

வயர் பல இழைகள் கொண்டதாக இருக்க வேண்டும். வீட்டு வேலையில் மிச்சமான ஒற்றைக் கம்பி வயரைத் தொடவே தொடாதீர்கள். சுவருக்குள் அது ஐம்பது வருடம் இருக்கும். வண்டி அதிர்வில் ஒரு வருடம் தாங்காது. ஏழு கோர் டிரெய்லர் கேபிள் கிடைத்தால் அதுவே நல்லது. அதில் எல்லாக் கோரும் ஒரே மெலிசாக இருந்தால், உபயோகப்படாத ஒரு கோரையும் எர்த்தோடு சேர்த்து இரண்டு முனையிலும் இணைத்துவிடுங்கள்.

போகும் வழி

ஒரே பக்கமாக இழுங்கள். இடது பக்கச் சேனலில் ஒரு வயர், வலது பக்கச் சேனலில் ஒரு வயர் என்று பிரித்துக் கொண்டுபோவது சில பட்டறைகளில் வழக்கம். கோளாறு வந்தால் தேட வேண்டிய இடம் இரண்டு மடங்காகும், வேறு லாபம் இல்லை. முழுக் கேபிளும் ஒரு சேனலின் உட்புறமாகப் பின்னால் வரை போகட்டும். கடைசிக் குறுக்குச் சட்டத்தில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்து, அங்கிருந்து இடமும் வலமும் பிரியட்டும்.

சேனலுக்குள் எங்கே? மேல் விளிம்பை ஒட்டிய உள்மூலை. கீழ் விளிம்பின் மேலே படுக்கப் போடுவது சுலபம், கிளிப்பே வேண்டாம் என்று தோன்றும். ஆனால் அங்கேதான் வயல் சேறு வந்து தேங்கும். கிழங்குக் காட்டுச் செம்மண் காய்ந்தால் கல் மாதிரி இறுகி, அடுத்த தடவை கம்பியால் நோண்டி எடுக்கும்போது வயரும் சேர்ந்து வரும். மேல் மூலையில் சேறும் ஏறாது, அடியில் முட்டுகிற வரப்பும் மக்காச்சோளத் தட்டையும் படாது.

ஒதுங்கிப் போக வேண்டிய இடங்கள் சில. டயருக்கு நேர் மேலே வேண்டாம், தெறிக்கும் கல் அங்கேதான் அடிக்கும். பட்டை ஸ்பிரிங்கின் ஷாக்கிள் அருகே லோடு ஏறி இறங்கும்போது இடைவெளி மூடித் திறக்கும். லோடு இல்லாத வண்டியைப் பார்த்து இடம் இருக்கிறது என்று வயரைக் கொண்டுபோனால் முதல் லோடிலேயே நசுங்கும். ஹைட்ராலிக் ஹோஸோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ஜாக்கி தூக்கும் ஒவ்வொரு முறையும் ஹோஸ் விறைத்து அசையும், வயரைத் தேய்க்கும். கசிகிற ஆயில் பி.வி.சி. தோலை நாளடைவில் கெடுக்கும். இரண்டையும் எதிரெதிர் சேனலில் கொண்டுபோவதே நல்லது.

வயருக்கு மேலே ஓர் உறை வேண்டும். கடையில் நெளிவு நெளிவான ஸ்லீவ் கிடைக்கிறது, அதையே போடலாம். அதைவிட மலிவான ஒன்று உங்கள் தோட்டத்திலேயே கிடக்கும்: 16 எம்.எம். சொட்டுநீர் லேட்டரல் குழாய். வெயிலைத் தாங்குவதற்கென்றே கறுப்பாகச் செய்த குழாய் அது. ஆனால் சாதா லேட்டரலாக இருக்க வேண்டும். இன்லைன் லேட்டரலில் சொட்டுவான் குழாய்க்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், கேபிள் நுழையாது. நேராகப் போகும் நீளத்துக்கு மட்டும் இது சரி. வளைவிலும் கொக்கிப் பக்கத்திலும் லேட்டரல் மடிந்துவிடும், அங்கே நெளிவு ஸ்லீவ் போடுங்கள். எந்த உறையானாலும் மிகத் தாழ்வான இடத்தில் ஒரு சிறு துளை இருக்கட்டும். உள்ளே தண்ணீர் நுழையாமல் தடுக்க முடியாது. நுழைந்தது வெளியேற வழி வைத்தால் போதும்.

ஜங்ஷன் பாக்ஸைக் குறுக்குச் சட்டத்தின் உட்பக்கம், வயர் நுழையும் வாய் கீழே பார்த்தபடி வையுங்கள். வயர் மேலிருந்து இறங்கி நேராக வாய்க்குள் போகாமல், பாக்ஸுக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு ஏறிப் போகட்டும். மழைத்தண்ணீர் தொங்கலின் அடியில் சொட்டிவிடும்.

டிப்பர் டிரெய்லரில் ஒரு கூடுதல் சிக்கல். பெட்டி மேலே எழும், சேஸ் அப்படியே நிற்கும். விளக்கைச் சேஸில் வைத்தால் வயர் அசைய வேண்டியதில்லை. ஆனால் கொட்டும்போது விளக்கின் மேலேயே லோடு விழும். எட்டு எம்.எம். கம்பியில் கூடு கட்டி விளக்கை உள்ளே தள்ளி வைத்தால் இதைச் சமாளிக்கலாம், என் ஓட்டு இதற்கே. பெட்டியில்தான் வைப்பேன் என்றால், வயர் கீலைத் தாண்டியாக வேண்டும். மேலைநாடுகளில் பாகம் பாகமாக வாங்கிக் கொட்டகையில் காரைப் பூட்டுகிறவர்களுக்கு டிக்கி மூடி விளக்கில் இதே பிரச்சினை வருகிறது. அவர்கள் கையாளும் வழி நமக்கும் உதவும்: வயரைக் கீலுக்குக் குறுக்காகத் தாண்டவிடாமல், கீல் முளையை ஒட்டி அதே திசையில் ஒரு சாண் தூரம் படுக்கவிட்டு, பிறகு மறுபக்கம் ஏற்றுவார்கள். அப்போது மூடி திறக்கும்போது வயர் மடிவதில்லை, முறுக்கிக்கொள்கிறது. மடிப்பு இழையை அறுக்கும். ஒரு சாண் நீளத்தில் பரவிய முறுக்கு அறுக்காது. பின்கதவில் மட்டும் எக்காரணத்துக்கும் விளக்கு வேண்டாம். கதவைக் கீழே தொங்கவிட்டபடி நீளமான லோடோடு போகும் நாளில் விளக்கு தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

திரும்பும் வழி

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவு வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்: எர்த்துக்குக் கொக்கியை நம்பாதீர்கள்.

இரும்போடு இரும்பு தொடுகிறதே, கரண்ட் அது வழியே திரும்பாதா என்று கேட்பார்கள். வண்டி புதிதாக இருக்கும்போது திரும்பும். கொக்கி முளைக்கும் கண்ணுக்கும் இடையே ஆட்டம் இருக்கிறது, கிரீஸ் இருக்கிறது, துரு இருக்கிறது. லோடோடு இழுக்கும்போது இறுக்கமாகத் தொடும். இறக்கத்தில் டிரெய்லர் முன்னால் தள்ளும்போது தொட்டும் தொடாமலும் நிற்கும். நீங்கள் பிரேக் மிதிப்பதும் அந்த இறக்கத்தில்தான். அதனால் பிளக்கிலிருந்து விளக்கின் ஹோல்டர் வரை எர்த்துக்குத் தனி வயர், நடுவில் ஜங்ஷன் பாக்ஸைத் தவிர வேறு ஒட்டு இல்லாமல்.

எர்த் போன விளக்கை அடையாளம் காண்பது எளிது. பிரேக் மிதித்தால் பிரேக் விளக்குக்குப் பதில் இரவு விளக்கோ நம்பர் பிளேட் விளக்கோ மங்கலாக எரியும். இண்டிகேட்டர் போட்டால் சிவப்பு விளக்கும் சேர்ந்து துடிக்கும். திரும்ப வழி கிடைக்காத கரண்ட், பக்கத்து இழை வழியாக நுழைந்து வேறு வயரில் திரும்பப் பார்ப்பதால் வருகிற கூத்து இது. இதைப் பார்த்ததும் பல்பைக் கழற்றாதீர்கள், எர்த்தைத் தேடுங்கள்.

விளக்குக்குத் தனி எர்த் வயர் கொடுத்த பிறகு, ஜங்ஷன் பாக்ஸ் பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் சேஸோடும் இணைத்து வைப்பது நல்லது. அந்த இடத்தில் பெயிண்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, லக், பல் வாஷர், போல்ட் என்று முறுக்கி, முறுக்கிய பிறகு மேலே கிரீஸோ பெயிண்டோ பூசுங்கள். பெயிண்டின் மேலேயே லக்கை முறுக்கிவிட்டு எர்த் கொடுத்தாயிற்று என்று போகிறவர்கள் நிறைய.

ஒட்டுகள் மூன்றே இடத்தில்: பிளக்கில், ஜங்ஷன் பாக்ஸில், விளக்கில். லக்கைக் கிரிம்ப் செய்து, மேலே சுருங்கும் குழாய் போட்டுச் சூடு காட்டுங்கள். ஈயம் வைப்பது உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டு ரேடியோவுக்கு அது உறுதி. அதிர்கிற வண்டியில் ஈயம் ஊறிய பகுதி விறைப்பாகி, அது முடியும் ஓரத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறும். முறுக்கி டேப் சுற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; சித்திரை வெயிலில் அந்தப் பசை இளகி டேப் தானாகக் கழன்று தொங்கும்.

கொக்கியில்

டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் இடையே தொங்கும் வயரின் நீளத்தை உட்கார்ந்த இடத்தில் முடிவு செய்ய முடியாது. டிராக்டரைப் பூட்டி, ஸ்டியரிங்கை முழுக்க இடது ஒடித்து நிறுத்திப் பாருங்கள், பிறகு முழுக்க வலது. வரப்பு ஏறும்போது கொக்கி மடிவதையும் பாருங்கள். எல்லா நிலையிலும் வயர் இழுபடாமலும், தரையைத் தொடாமலும், பி.டி.ஓ. தண்டின் பக்கம் போகாமலும் இருக்க வேண்டும். சுருள் கேபிள் இதற்கு வசதி. நாலு சக்கர டிரெய்லரானால் முன் அச்சின் டர்ன்டேபிளையும் வயர் தாண்ட வேண்டும். சுழலும் நடுப்புள்ளிக்கு எவ்வளவு பக்கமாகக் கொண்டுபோகிறீர்களோ அவ்வளவு குறைவாக அது இழுபடும்.

டிராபாரில் ஒரு வெற்றுச் சாக்கெட்டையோ சிறு குழாய்த் துண்டையோ வைத்து, டிரெய்லரைக் கழற்றும்போது பிளக்கை அதில் செருகி வையுங்கள். மண்ணில் கிடந்த பிளக்கின் பின்கள் ஒரே மழையில் பச்சை பூத்துவிடும்.

டிராக்டர் பக்கம்

பின்னால் ஏழு பின் சாக்கெட் உள்ள டிராக்டரானால் வேலை சுலபம். 12 வோல்ட்டுக்கான ஐ.எஸ்.ஓ. 1724 முறைப்படி 1 இடது இண்டிகேட்டர், 3 எர்த், 4 வலது இண்டிகேட்டர், 5 வலது சிவப்பு விளக்கு, 6 பிரேக், 7 இடது சிவப்பு விளக்கு. இரண்டாம் எண் பின் மூடுபனி விளக்குக்கானது, நமக்கு வேண்டியதில்லை. எண்கள் பிளக்குக்குள்ளேயே பொறித்திருக்கும். ஆனாலும் ஏற்கெனவே யாராவது கைவைத்த டிராக்டராக இருக்கலாம். டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வொரு பின்னாகப் பார்த்துவிட்டே இணையுங்கள்.

சாக்கெட் இல்லாத பழைய டிராக்டரில், டிராக்டரின் பின்விளக்கு வயரிலிருந்து கிளை எடுக்க வேண்டும். அந்தக் கிளையில் தனி ஃபியூஸ் போடுங்கள், இரவு விளக்குக்கு 5 ஆம்பியர், பிரேக்குக்கு 7.5. டிரெய்லரில் எங்கோ வயர் உரசி ஷார்ட் ஆனால் அந்த ஃபியூஸ் மட்டும் போக வேண்டும். நடுரோட்டில் டிராக்டரின் ஹெட்லைட்டும் சேர்ந்து அணையக் கூடாது.

இண்டிகேட்டர் துடிப்பு மாறினால் பயப்பட வேண்டாம். பழைய ஃபிளாஷர் தன் வழியே ஓடும் கரண்டை வைத்துத் துடிப்பது. டிரெய்லர் பல்பு கூடினாலோ எல்.இ.டி. போட்டுக் குறைந்தாலோ அதன் கணக்கு கெடும். எலக்ட்ரானிக் ஃபிளாஷர் மாற்றினால் தீர்ந்தது.

பார்த்து வாங்குதல்

பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும்முன் டிராக்டரைப் பூட்டி, இன்ஜினை ஓடவிட்டு, எல்லா விளக்கையும் ஒன்றாகப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகப் போட்டால் எர்த் கோளாறு தெரியாது. ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பின்விளக்கின் எர்த்திலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். முனை எட்டாது, ஒரு நீள வயர் துண்டால் நீட்டிக்கொள்ளுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல வேலை. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ ஒட்டு சரியில்லை. அன்றே சரிசெய்யச் சொல்லுங்கள். பிறகு வயரை அங்கங்கே கையால் அசைத்துப் பாருங்கள், விளக்கு மினுக்கக் கூடாது. இருட்டிய பிறகு நூற்றைம்பது தப்படி பின்னால் நடந்து போய் நின்று பார்ப்பதும் நல்ல சோதனைதான்.

பிற்பாடு டிரெய்லரில் எங்கே வெல்டு வைத்தாலும் முதலில் ஏழு பின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வெல்டிங் கரண்ட் உங்கள் எர்த் வயர் வழியாக டிராக்டர் வரை போய்த் திரும்பும், அல்லது சக்கர பேரிங்கைத் தின்னும்.

விளக்கு எவ்வளவு நன்றாக எரிந்தாலும் பின்புறம் சிவப்பு ரிஃப்ளெக்டரை ஒட்டாமல் விடாதீர்கள். வண்டி பழுதாகி விளக்கில்லாமல் ஓரமாக நிற்கும் இரவில் அதற்கு வயரே வேண்டாம். முதல் லோடு இறக்கிய மறுநாள் அடியில் படுத்து எல்லாக் கிளிப்பையும் ஒருமுறை பாருங்கள். லோடில் சேஸ் வளைந்து நிமிரும்போது இறுக்கமாக இழுத்துக் கட்டிய இடம் எது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். அங்கே கிளிப்பைத் தளர்த்தி அரை விரல் தொய்வு விட்டு மறுபடி முடுக்குங்கள்.